மனநல இல்லத்துக்கு வரைபடம்: கம்பியைக் குறையுங்கள், குளியலறையைக் கவனியுங்கள்

கேள்வி: பழைய மாடி வீடு ஒன்றை 20 படுக்கைகள் கொண்ட மனநல மறுவாழ்வு இல்லமாக மாற்றுகிறோம். ஜன்னல்களுக்கு இரட்டைக் கம்பி, எல்லோருக்கும் ஒரே கூடம், முரண்டு பிடிப்பவர்களைப் பூட்டிவைக்க ஒரு தனியறை என்று பொறியாளர் வரைந்திருக்கிறார். இது சரியா?

பதில்: தனியறையை முதலில் அழித்துவிடுங்கள். மனநோயாளியைத் தனிமையில் அடைப்பதையும் சங்கிலியால் பிணைப்பதையும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அந்த இடத்தில் தாழ்ப்பாள் இல்லாத, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஓர் அமைதி அறை இருக்கட்டும். படபடப்பு கூடும்போது அவர்களே வந்து உட்கார்ந்து ஆறிப்போகலாம்.

ஒரே கூடமும் வேண்டாம். நள்ளிரவில் ஒருவர் அழுதால் இருபது பேரும் விழிப்பார்கள். தூக்கம் கெட்டால் நோய் முற்றும். ஒருவர் அல்லது இருவர் தங்கும் அறைகளாகப் பிரியுங்கள். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரின் ஓஸ்ட்ரா மருத்துவமனையில் ஆளுக்கோர் அறை, தோட்டம், பகல் வெளிச்சம், நகர்த்தக்கூடிய இருக்கைகள் என்று மனநலப் பிரிவைக் கட்டியபின் நோயாளிகளைக் கட்டிப்போட வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது. மிலான் நகர ஆய்வொன்றில், காலை வெயில் விழும் கிழக்குப் பார்த்த அறைகளில் இருந்த இருமுனை மனச்சோர்வு (பைபோலார்) நோயாளிகள், மேற்குப் பக்கம் இருந்தவர்களைவிடச் சராசரியாக 3.67 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். எனவே கிழக்குச் சுவரைச் சமையலறைக்கோ கிடங்குக்கோ கொடுக்காதீர்கள்.

இனி உயிர் காக்கும் பகுதி. தற்கொலை எண்ணம் உள்ளவர் தனியாக இருக்கும் இடங்கள் படுக்கையறையும் குளியலறையும்தான். பணம் குறைவாக இருந்தால் அங்கேயே செலவிடுங்கள். ஊழியர் கண் எப்போதும் இருக்கும் கூடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். துணியோ கயிறோ சிக்கிக்கொள்ளும் பிடிப்பு எதுவும் இருக்கக் கூடாது என்பதே விதி. உயரத்தில் இருப்பதுதான் ஆபத்து என்று நினைப்பது தவறு, இடுப்பு உயரக் கைப்பிடியும் ஆபத்துதான். குளியலறையில் ஹெல்த் ஃபாசெட் குழாய், துண்டுக் கம்பி, வெளியே தெரியும் பைப், ஷவர் கழுத்து எல்லாம் போக வேண்டும். பைப்பைச் சுவருக்குள் புதைத்து, அழுத்தினால் நீர் வரும் சரிவான குழாய் வையுங்கள். சுவர் இடுக்குகளில் மெல்லிய சிலிக்கான் பூசினால் நகத்தாலேயே பிய்த்துவிடுவார்கள். பிடுங்க முடியாத கெட்டி சீலன்ட் கேளுங்கள். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக்.

நம் ஊரில் பெரிய தலைவலி மின்விசிறி. சீலிங் ஃபேனைத் தவிர்த்து, கைக்கு எட்டாத உயரத்தில் நெருக்கமான வலையிட்டுச் சுவரோடு ஒட்டிய விசிறி வையுங்கள். அதன் மேல்பக்கமும் சரிவாக இருக்கட்டும்.

உங்கள் இரட்டைக் கம்பியும் ஒரு பிடிப்புதான், அறையையும் சிறையாக்கிவிடும். அதற்குப் பதில் லேமினேட்டட் கண்ணாடி போடுங்கள். டஃபன்ட் கண்ணாடி வலுவானது என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் அது உடைந்தால் மொத்தமாக உதிர்ந்து வழி திறந்துவிடும். லேமினேட்டட் விரிசல் விட்டாலும் சட்டத்திலேயே நிற்கும். ஜன்னல் 10 செ.மீ.க்கு மேல் திறக்காதபடி தடுப்பு வைத்து, காற்றுக்கு வெளிப்புறம் பொடித்துளைத் தகடு பொருத்துங்கள்.

கதவுகள் வெளிப்பக்கமும் திறக்க வேண்டும். உள்ளே கட்டிலை முட்டுக்கொடுத்து அடைத்துக்கொள்பவர்கள் உண்டு. தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் விடுவிக்க முடியவேண்டும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட 28 பேர் தீயில் கருகினார்கள். ஒவ்வொரு மாடிக்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வழிகள் வேண்டும். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி, அது பணியில் இருக்கும் ஒவ்வொரு ஊழியர் இடுப்பிலும்.

கட்டி முடிந்ததும் ஒரு ஷூ லேஸை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் எங்கெல்லாம் சிக்குகிறது என்று இழுத்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். பழுது பார்க்க வரும் பிளம்பர், கையில் இருந்த சாதாரணக் குழாயை மாட்டிவிட்டுப் போயிருப்பார்.