தீர்ப்பு கையில் இருக்கிறது, கோப்பு நகரவில்லை

கேள்வி: இலங்கையின் நுவரெலியா மாவட்டத்து ராகலைக்கு அருகில் என் தந்தை காலத்திலிருந்து மரக்கறி பயிரிடும் அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் கேட்டோம். பிரதேச செயலகம் விசாரிக்காமலே மறுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை இரத்துச் செய்து, மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு தரும்படி மண்டாமஸ் எழுத்தாணை (அதிகாரியைத் தன் கடமையைச் செய்யப் பணிக்கும் கட்டளை) வழங்கியது. பத்து மாதமாகிறது. போகும்போதெல்லாம் "கோப்பு மேலிடத்தில்" என்கிறார்கள். பழைய செயலாளரும் இடமாற்றலாகிவிட்டார். இவர்களைப் பணியவைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லையா? கண்டி மேல் நீதிமன்றத்துக்கே போயிருக்கலாமோ?

பதில்: ஐயா, அதிகாரம் உண்டு. தன்னை அவமதிப்பவருக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் சிறையோ தண்டப்பணமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 105(3)ஆம் உறுப்புரை. கட்டளையை வேண்டுமென்றே மீறுவது 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்துக்குள்ளும் வரும்.

உங்கள் சிக்கல் அந்த இடமாற்றத்தில் இருக்கிறது. மண்டாமஸ் கேட்பவர் பதவியில் இருப்பவரின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும் என்று 1963இல் நாவலப்பிட்டி நகர சபைத் தவிசாளருக்கு எதிரான வழக்கில் தீர்ப்பானது. அவமதிப்பு வழக்கிலும் பதில் சொல்ல வேண்டியவர் ஓர் ஆள்தான். கட்டளை தெரிந்திருந்தும் புதிய செயலாளர் செய்யவில்லை என்பதை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். "என்னிடம் எவரும் தெரிவிக்கவில்லை" என்று அவர் ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால், எத்தனை நாள் சம்பளத்தை இழந்து பஸ் ஏறினீர்கள் என்பதெல்லாம் சாட்சியில்லாத கதையாகிவிடும். எனக்கு அதை நினைத்தாலே மனம் பதைக்கிறது.

ஆகவே தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதியைப் பெற்று, புதிய செயலாளரின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இன்னொரு பிரதியை நேரில் கொடுத்து, உங்களிடம் இருக்கும் கடிதப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை மங்கலாக விழுந்தால் மறுபடி குத்தச் சொல்லுங்கள். திகதி வாசிக்க முடியாத முத்திரையால் பயனில்லை. கடிதத்தில் இரண்டு வார அவகாசம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. கோப்பு எந்த மேலிடத்தில் கிடக்கிறது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் அன்றே கேளுங்கள்.

தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய விசேட அனுமதி கோரும் ஆறு வார அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது. அதற்குள் அரசு மனுப் போட்டு இடைநிறுத்தக் கட்டளை பெற்றதா என்பதை மட்டும் உங்கள் சட்டத்தரணி பார்க்கட்டும். இல்லையென்றால், இரண்டு வாரம் கழிந்ததும் அவமதிப்பு மனு. செலவுக்கு வழியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள்.

கண்டிக்குப் போகாதது சரிதான். உங்கள் ராகலையின் ஸ்டாஃபர்ட் தோட்டம் தொடர்பான வழக்கில், அரச காணி விடயத்தில் எழுத்தாணை வழங்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் (வழக்கை ஏற்று விசாரிக்கும் அதிகாரம்) இல்லை என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றம் காணியைக் கொடுக்கச் சொல்லவில்லை, விசாரித்து முடிவு சொல்லத்தான் சொன்னது. விசாரித்த பின் மறுத்தால் அது அவமதிப்பாகாது, புதிய வழக்குக்குரிய புதிய முடிவு. அந்தக் கடிதம் கைக்கு வந்த நாளைக் குறித்துவையுங்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம்.