ஈட்டியை விடாத விரல்கள்

அன்புள்ள ஐயா,

ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்துக்கு வந்த திரை வடிவங்களில் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்' (1957) தான் உச்சம் என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தேன், ஏமாந்தேன். மூலத்தின் ஒரு வரிகூட அதில் இல்லை. மனைவி இறந்த செய்தி கேட்டு மெக்பெத் 'நாளை, நாளை, நாளை' என்று பேசும் இடமே இல்லை. இதை எப்படி மெக்பெத் என்று ஏற்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொலைக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். காவலர்களுக்கு மயக்க மது எடுத்துவர அசாஜி (படத்தின் லேடி மெக்பெத்) இருட்டுக்குள் போய் மறைகிறாள். பட்டாடை உரசும் ஒலி மட்டும் கேட்கிறது. ஜாடியோடு திரும்பி வருகிறாள். ஜப்பானின் மரபுக் கலையான 'நோ' நாடகத்தின் முகமூடி போல அசையாத முகம். பிறகு அவள் கணவன் வாஷிஸு (படத்தின் மெக்பெத்) தன் எஜமானைக் கொல்ல ஈட்டியோடு போகிறான். நாம் அசாஜியோடு அறையிலேயே இருக்கிறோம். நாடகத்திலும் மன்னன் டங்கனின் கொலை மேடையில் நடப்பதில்லை, கவனித்தீர்களா? அங்கே மெக்பெத் திரும்பி வந்து, தூக்கத்தையே கொன்றுவிட்டதாக ஒரு குரல் கேட்டது என்று பதறுகிறான். இங்கே வாஷிஸு வாய் திறப்பதில்லை. ஈட்டியைப் பிடித்த விரல்கள் விரிய மறுக்கின்றன. அசாஜிதான் அதைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதற்றம் முழுவதையும் நான் அந்த விரல்களில் பார்த்தேன்.

ஆனாலும் உங்கள் ஏமாற்றத்தில் நியாயம் இருக்கிறது. 'நாளை' என்று பேசும்போது மெக்பெத் தன் வாழ்க்கை வெறுமையாகிவிட்டதைத் தானே பார்த்துவிடுகிறான். அவனை வெறுக்க முடியாமல் போவது அங்கேதான். வாஷிஸுவுக்கு அந்தக் கணம் வாய்ப்பதில்லை. காடு நகர்ந்து வந்தால்தான் தோல்வி என்று ஆருடம் கேட்டவன், காடு நகராது என்று கடைசிவரை நம்புகிறான். பனிமூட்டத்தில் காடு நகர்கிறது, சொந்த வீரர்களே அவன்மீது அம்பு எய்கிறார்கள். (படப்பிடிப்பில் உண்மையான அம்புகளையே எய்தார்கள், வாஷிஸுவாக நடித்த மிஃபுனேயின் முகத்தில் நடிப்பையும் மீறிய பயம் தெரியும்.) எஜமானைக் கொன்றவனை அவனுடைய ஆட்களே கொல்கிறார்கள் என்பது ஷேக்ஸ்பியரில் இல்லாத, பயங்கரமான முடிவு. உடல் நடுங்கப் பார்த்தேன். ஆனால் மெக்பெத்துக்காக வருந்தியதுபோல வாஷிஸுவுக்காக வருந்தவில்லை. இந்த இழப்பை அந்தக் கட்டுரையில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

இழந்தது அந்த அறிதலைத்தான், வரிகளை அல்ல என்றே இப்போதும் நினைக்கிறேன். ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தை ரஷ்ய இயக்குநர் கோஸின்ட்செவ் எடுத்த 'கிங் லியர்' (1971) படத்தில் எல்லோரும் கவிஞர் பாஸ்டர்நாக்கின் ரஷ்ய மொழிபெயர்ப்பில்தான் பேசுகிறார்கள். அதிலும் ஷேக்ஸ்பியரின் ஆங்கிலம் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் லியர் தன்னை அறிவது இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.