தோள்சீலைப் பாடத்தை நடிக்க வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டம் பக்கம் பி.எட். படிக்கிறேன். பயிற்சி வகுப்பில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் எடுக்க வேண்டும். 'பிள்ளைகளை நடிக்க வையுங்கள், அப்போதுதான் அடுத்தவர் வலி புரியும்' என்கிறார் பேராசிரியர். என் வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உண்டு. நினைத்தாலே கை நடுங்குகிறது. என்ன செய்யட்டும்?

ச.

அன்புள்ள ச.,

நடிக்க வைக்காதீர்கள். துணியை இழுப்பவன் யார், இழுபடுகிறவள் யார் என்று வேஷம் பிரித்ததுமே வகுப்பு இரண்டாகிவிடும். என் பள்ளியில் அப்படியொரு நாடகத்தில் அடி வாங்கும் வேஷம் போட்டவன், பத்தாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பட்டப்பெயரோடுதான் திரிந்தான்.

அதற்குப் பதில் 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் வெளியிட்ட அறிவிப்பைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். மேடையில் பேசுகிறவர்கள் 'உரிமை கிடைத்தது' என்று அதோடு முடித்துக்கொள்வார்கள். வாசித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். நாடார் பெண்கள் கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போல் குப்பாயம் (ரவிக்கை மாதிரி மேல்சட்டை) போடலாம். மீனவப் பெண்களைப் போல் முரட்டுத் துணி சுற்றலாம். எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் கூடாது.

அந்தக் கடைசி வரியைக் கரும்பலகையில் எழுதி, 'இவ்வளவும் கொடுத்தவர்கள் இதை ஏன் சேர்த்தார்கள்?' என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள் (ஆசிரியர்களுக்குக் கஷ்டமான வேலை அதுதான்). கடற்கரைப் பிள்ளை ஒருத்தி 'எங்களை ஏன் இதில் இழுத்தார்கள்' என்பாள். இன்னொருவன் 'பயம் சார்' என்பான். மேல்சாதியான நாயர் பெண்களும் நம்பூதிரி பிராமணர் முன்னால் மேல்துணியை விலக்க வேண்டியிருந்தது என்பதை அந்த இடத்தில் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் சப்பைக்கட்டு மாதிரி இருக்கும். பேச்சு சூடான பிறகு சொன்னால், ஏணியில் தன் வீடு எந்தப் படியில் நின்றது, மேலே யார், கீழே யார் என்று ஒவ்வொரு பிள்ளையும் தானே எண்ணிப் பார்க்கும். பரிவு அங்கேதான் பிறக்கிறது, அழுகையில் இல்லை.

முடிந்தால் ஒரு நாள் சாமித்தோப்புக்குக் கூட்டிப் போங்கள். எல்லாச் சாதியாரும் ஒன்றாகப் புழங்க, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் ஏற்படுத்திய முத்திரிக்கிணற்றைக் காட்டுங்கள். அங்குள்ள பதிக்குள் (அவரது வழிபாட்டிடம்) ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் போகவேண்டும். பையன்கள் கட்டத் தெரியாமல் தடுமாறுவார்கள், சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். பிறகு, அந்தக் காலத்தில் தலையில் துணி கட்ட யாருக்கு அனுமதி இருந்தது என்று கேளுங்கள்.

பேராசிரியர் விடமாட்டார் என்றால், லெசன் பிளானில் 'செயல்பாடு' என்ற கட்டத்தில் 'ஆவண வாசிப்பு' என்று எழுதிவிடுங்கள். நடிப்பு எங்கே என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.