மரியாச்சி இல்லாத ராஞ்சேரா

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாவேலா வார்காஸின் பாட்டுகளை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். மெக்சிகோவின் மரபுப் பாட்டு வகையான ராஞ்சேராவைப் பாடுபவர் என்கிறார்கள். ஆனால் இன்னொரு ராஞ்சேரா பாடகரான விசென்டே ஃபெர்னாண்டஸ் பாட்டுகளில் வரும் டிரம்பெட்டும் வயலின்களும் இவரிடம் இல்லை. வெறும் கிட்டார்தான். சில வரிகளைப் பாடாமல் பேசியே விடுகிறார். இது ராஞ்சேராதானா? எதிலிருந்து கேட்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

ராஞ்சேராதான். ஹோசே ஆல்ஃப்ரெடோ ஹிமெனஸும் தோமாஸ் மெந்தெஸும் எழுதிய அதே பாடல்களைத்தான் அவரும் பாடினார். மாறியது பக்கவாத்தியம். அது மாறியதால் பாடுபவரின் வேலையும் மாறிவிட்டது.

ராஞ்சேராவுக்கு வழக்கமாக வாசிக்கும் வாத்தியக் குழுதான் மரியாச்சி. அதில் தாளத்தைத் தாங்குபவை இரண்டு. பருத்த வயிறுள்ள ஆறு தந்திப் பெரிய கிட்டாரான கிட்டாரோனில் ஒரே ஸ்வரத்தை மேல், கீழ் இரண்டு ஸ்தாயிகளிலும் சேர்த்து இழுப்பார்கள். அடி அதில் விழும். இரண்டு எண்ணிக்கைப் பாட்டு என்றால் அடிகளுக்கு நடுவில் ஐந்து தந்திச் சின்னக் கிட்டாரான விஹுவேலா வெட்டும். பாடகர் வரியை முடித்ததும் வயலின்களும் டிரம்பெட்டுகளும் புகுந்து இடைவெளியை அடைத்துவிடும். அதற்குள் அவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இத்தனை வாத்தியங்களையும் மீறிக் கேட்கும் குரல் வேண்டும், காலப்பிரமாணத்தை இஷ்டத்துக்கு இழுக்கவும் முடியாது. பெண் குரலில் அந்த முரட்டுப் பாணிக்கு வழிபோட்டவர் குவாதலஹாராவில் பிறந்த லூச்சா ரேயெஸ். ஓபரா பயின்றவர். 1920களில் ஐரோப்பியப் பயணத்தின்போது நோயில் குரல் கெட்டது. திரும்பிவந்து அந்தக் கரகரப்பையே பாணியாக்கினார்.

சாவேலா 1919இல் கோஸ்டா ரிகாவில் பிறந்து, பதின்வயதில் மெக்சிகோ வந்தவர். பல வருடங்கள் தெருவில் பாடினார். முதல் இசைத்தட்டு 1961இல்தான், ஆந்தோனியோ பிரிபியெஸ்காவின் கிட்டாரோடு. பின்னிய சடையும் அகலப் பாவாடையும் எதிர்பார்த்த மேடையில் கால்சட்டையும் ஹொரொங்கோ போர்வையுமாக நின்றார். ஆண் பெண்ணை நோக்கிப் பாடும் பாட்டை ஒரு சொல்கூட மாற்றாமல் அப்படியே பாடினார்.

டிரம்பெட் போனதும் வரிக்கும் வரிக்கும் நடுவில் இருப்பது மௌனம்தான். சாவேலா அதை அடைக்கவில்லை, நீட்டினார். விளம்பத்தில் எடுப்பார், அடிக்குப் பின்தங்கி வருவார்; கிட்டார்காரர் காத்திருக்க வேண்டும். ஆரம்ப வரிகள் கிட்டத்தட்டப் பேச்சு. அங்கே சேமித்த பலத்தைக் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு இடத்தில் செலவழிப்பார். அவரைப் பின்பற்றுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். முதல் வரியிலேயே அழத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் பாட்டு போவதற்கு இடமில்லை. இல்லையென்றால் வேகத்தை மட்டும் குறைத்துவிட்டு வரியின் கடைசி ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பார்கள். அந்த நீட்டல் வாத்தியக் கூட்டத்தோடு போட்டி போட வந்தது, தனிக் கிட்டாருக்கு முன்னால் அதற்கு வேலையே கிடையாது.

குடி அவரை 1970களின் கடைசியில் மேடையிலிருந்து இறக்கிவிட்டது. இறந்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். 1991இல் மெக்சிகோ நகரத்தின் கொயோவாகானில், எல் ஆபிதோ என்ற சின்ன அரங்கில் திரும்பவும் பாடினார். பிறகு ஸ்பெயின், இயக்குநர் அல்மொதோவாரின் ஆதரவு, 2003இல் 84 வயதில் கார்னகி ஹால். 2012 ஆகஸ்டில் குயெர்னவாகாவில் காலமானார்.

கடைசிக்காலப் பதிவுகளை இன்று ஒரேயடியாகப் புகழ்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். சில இடங்களில் கேட்பது கலை, சில இடங்களில் வெறும் முதுமை. எது எது என்று பிரிக்க முதலில் 1960களின் பதிவுகள் காதில் இருக்க வேண்டும்.

‘உன் முந்தோ ராரோ’விலிருந்து தொடங்குங்கள். ஹோசே ஆல்ஃப்ரெடோ தானே மரியாச்சியோடு பாடியதை முதலில் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் எந்த வாத்தியம் நுழைகிறது என்று பாருங்கள். பிறகு சாவேலாவின் பழைய பதிவு, அதன்பின் 1990களுக்குப் பிந்தையது. ‘பலோமா நெக்ரா’வையும் இதே வரிசையில் கேட்கலாம். எல்லோரும் முதலில் அனுப்பிவைக்கும் ‘லா யொரோனா’ ராஞ்சேரா அல்ல, வஹாகா மாநிலத்தின் தெவாந்தெபெக் பகுதிப் பழம்பாடல். அதைத் தனியாகக் கேளுங்கள்.