தடுப்பணையை இரண்டடி உயர்த்தலாமா?

கேள்வி: கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஓடையில் 10 மீட்டர் நீளத்தில் பழைய தடுப்பணை ஒன்று இருக்கிறது. மேலே 40 மீட்டருக்குத் தண்ணீர் தேங்கும். தங்க வருபவர்கள் அங்கேதான் குளிக்கிறார்கள். ஐப்பசி மழையில் கீழே உள்ள நடைபாலம் முங்கிவிடுகிறது. அணையை இரண்டடி உயர்த்தினால் வெள்ளமும் குறையும், குளிக்க ஆழமும் கிடைக்கும் அல்லவா?

பதில்: ஆழம் கிடைக்கும், வெள்ளம் குறையாது. தடுப்பணை என்ற பெயர்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. இரண்டடி உயர்த்தினால் கூடுதலாக நிற்பது சுமார் 2.4 லட்சம் லிட்டர். அணைக்கு மேல் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தாலே நொடிக்கு ஏறக்குறைய 2,800 லிட்டர் போகும். கணக்குப் போட்டால் ஒன்றரை நிமிட வெள்ளம்! அதுவும் காலியாக இருந்தால்தான்; ஐப்பசியில் எங்கே காலியாக இருக்கும்? மேல்பக்கக் கரைதான் கூடுதலாக முங்கும், காப்பிச் செடியோடு.

கொடைக்கானல் ஏரி கதை வேறு. பரப்பு சுமார் 24 ஹெக்டேர். மழைக்கு முன்பே ஓரடி இறக்கினால் 7 கோடி லிட்டருக்கு மேல் இடம் கிடைக்கும். வெள்ளத்துக்கு வேண்டியது பரப்பும் காலி இடமும். சுவரின் உயரம் அல்ல.

பாலத்துக்கு வைத்தியம் பாலத்திலேயே. பாலத்தின் கண்களில், அதாவது அடியில் தண்ணீர் போகும் திறப்புகளில், சிக்கிய கிளைகளைப் புரட்டாசியிலேயே எடுங்கள். அப்போதும் முங்கினால் கண்ணை அகலப்படுத்த வேண்டும். ஓடை புறம்போக்காக இருந்தால் எதைத் தொடுவதற்கும் அனுமதி வேண்டும்.

குளிப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வெள்ள நாளில் கரையில் நின்றபடியே ஒரு கமலா ஆரஞ்சை அணைக்கு மேலே விட்டுப் பாருங்கள். சுவரடியில் விழும், மிதந்து போகாமல் திரும்பச் சுவரை நோக்கியே வரும், மறுபடி அமிழும், மறுபடி வரும். விழும் நீர் அடியில் போய், மேல்நீரைப் பின்னால் இழுக்கிறது. நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது. ஆகவே அணைக்குக் கீழே யாரையும் எப்போதும் இறக்க வேண்டாம். மேலே, வெயில் காலத்தில், கரையோரம் மட்டும்.

உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பதை நம்பாதீர்கள். கொடைக்கானல் மலையில் பெய்தால் அடிவாரத்துக் கும்பக்கரை அருவியில் வனத்துறை குளிக்கத் தடை போடுவது அதனால்தான். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகு கூட்டமாக வந்தாலோ, எல்லோரையும் உடனே கரையேற்றுங்கள்.