மறுநாள் காலையில் மீண்டும் ‘பப்ளிக்’

கேள்வி: எங்கள் ஜெராக்ஸ் கடையில் விண்டோஸ் 10 கணினிகள் இரண்டைக் கேபிள் வழியாக ஒரு சுவிட்சில் இணைத்து, முதல் கணினியின் பிரிண்டரை இரண்டாவதற்கும் ஷேர் செய்திருக்கிறோம். சர்வீஸ் செய்பவர் அவற்றுக்கு 192.168.1.10, 192.168.1.11 என்று ஐபி எண்களைக் கொடுத்தார். இணையத்துக்கு முதல் கணினியில் மட்டும் மொபைல் ஹாட்ஸ்பாட். கேபிள் நெட்வொர்க்கை அவர் பவர்ஷெல் (கட்டளைகளைத் தட்டி இயக்கும் விண்டோஸ் கருவி) மூலம் பிரைவேட், அதாவது நம்பகமான வலை, ஆக்கித் தந்தால் அன்று முழுவதும் பிரிண்ட் வருகிறது; மறுநாள் கடை திறந்தால் பப்ளிக், அதாவது நம்ப முடியாத பொது வலை, ஆகிவிடுகிறது; பிரிண்ட் வருவதில்லை. வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்துவிடச் சொல்கிறார். அணைக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: அணைக்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்ட நிலையில், இணையத்தில் சேரும் கணினியின் ஃபயர்வாலையும் எடுத்துவிடுவது கடையின் ஷட்டரைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

கேபிள் இணைப்பின் பெயர் ‘அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கை, அதன் கேட்வேயாக (வெளி வலைக்கான வாயிலாக) இருக்கும் ரூட்டரின் வன்பொருள் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, வைத்தே முக்கியமாக அடையாளம் காண்கிறது. உங்கள் கேபிள் வலையில் ரூட்டரே இல்லை; வெறும் சுவிட்ச் கேட்வே ஆகாது. ஆகவே ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் அது முன்பின் தெரியாத வலையாகவே தோன்றுகிறது. தெரியாததை பப்ளிக் என்று கொள்வதுதான் விண்டோஸின் வழக்கம். நேற்றைய மாற்றம் நினைவில் நிற்காததற்குக் காரணம் இதுவே.

கேட்வே கட்டத்தில் ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பதில் சொல்ல யாருமில்லாத எண்ணால் பயனில்லை. ஹாட்ஸ்பாட் இணைப்போடு மோதி இணையமும் தடுமாறக்கூடும்.

உங்களுடையது புரோ பதிப்பு என்றால் வேலை எளிது. ஸ்டார்ட் மெனுவில் ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’ என்று தேடித் திறந்து, இடப்பக்கம் ‘நெட்வொர்க் லிஸ்ட் மேனேஜர் பாலிசீஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் ‘அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்ஸ்’ என்ற வரியை இருமுறை கிளிக் செய்து, ‘லொக்கேஷன் டைப்’ என்ற இடத்தில் பிரைவேட் என்று குறித்துவிட்டுக் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஹாட்ஸ்பாட் அடையாளம் தெரிந்த வலை என்பதால் இது அதைத் தொடாது. அது பப்ளிக் ஆகவே இருக்கட்டும். ஊர் ஊராக எடுத்துச் செல்லும் லேப்டாப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

ஹோம் பதிப்பில் அந்தக் கருவி கிடையாது. அதில் ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு பகுதியில் ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’ (உள்ளே வரும் தொடர்புகளுக்கான விதிகள்) பட்டியலைத் திறந்து, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ என்று தொடங்கும் விதிகளில் பப்ளிக் என்று குறித்தவற்றை இயக்குங்கள். ஒவ்வொன்றின் ‘ஸ்கோப்’ பகுதியிலும் ரிமோட் ஐபியாக 192.168.1.11 என்பதை மட்டும் வையுங்கள். பிரிண்டர் உள்ள முதல் கணினியில் செய்தால் போதும். கதவு இரண்டாவது கணினிக்கு மட்டும் திறக்கும்.

கேள்வி: வீட்டு ரூட்டரை மாற்றிப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்தேன். ஆனாலும் பெயருக்குப் பின்னால் 2 என்று சேர்ந்து, பப்ளிக் ஆகிவிட்டது. ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெயர் பழையது, பெட்டி புதியது. வன்பொருள் முகவரி மாறிவிட்டதால் விண்டோஸ் இதைப் புது வலையாகப் பதிவு செய்துகொண்டது. செட்டிங்ஸில் வைஃபை ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ஒருமுறை பிரைவேட் என்று மாற்றுங்கள். இந்த ரூட்டர் இருக்கும்வரை அப்படியே நிற்கும். அந்த 2 எந்தத் தொந்தரவும் தராது, விட்டுவிடுங்கள்.