வாசகர் கேள்வி: புதியவர்களுக்கு ஒரு புதுக் கோலாட்டம்

கேள்வி: எங்கள் கடற்கரை ஊரில் பொங்கல் விழாவுக்காக 24 பெண்களுக்குக் கோலாட்டம் சொல்லித்தருகிறேன். அமெரிக்கக் காண்ட்ரா நடனத்தைக் காணொளியில் பார்த்ததிலிருந்து, அதுபோல ஜோடிகள் இடம் மாறிச் செல்லும் ஆட்டம் ஒன்றை நானே அமைக்க ஆசை. பாதிப் பேர் இதுவரை கோலைத் தொட்டதே இல்லை. வழக்கத்தில் இல்லாத ஓர் அசைவையும் சேர்த்து, அவர்கள் தடுமாறாதபடி அமைக்க முடியுமா?
– ஓர் ஆசிரியை, தங்கச்சிமடம்

பதில்: முடியும், சகோதரி. புதிய அசைவு ஒன்றே ஒன்று இருக்கட்டும். மற்றவையெல்லாம் நடக்கத் தெரிந்தவர் எவரும் செய்யக்கூடியவையாக இருக்கட்டும்.

காண்ட்ராவில் இரு நீண்ட வரிசைகள் எதிரெதிரே நிற்கும். நேர் எதிரே நிற்கும் இருவர் ஒரு ஜோடி; அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஜோடிகள் சேர்ந்து நால்வர் குழுவாகும். இசையின் ஒரு சுற்று 64 எண்ணிக்கை. அது முடியும்போது ஒவ்வொரு ஜோடியும் வரிசையில் ஓரிடம் நகர்ந்து, அடுத்த ஜோடியோடு அதே ஆட்டத்தை மீண்டும் தொடங்கும். இந்தத் திரும்பத் திரும்ப வருதலில்தான் புதியவர் ஆடியே கற்றுக்கொள்கிறார்.

நால்வர் எட்டுப் போட்டுப் பின்னிச் செல்லும் அசைவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துப் பின்னியாடும் பின்னல் கோலாட்டத்தில் வழி தவறியவரைக் கயிறே காட்டிக்கொடுத்துவிடும். கயிறில்லாத பின்னலில் அவருக்குத் திரும்ப ஓர் அடையாளமும் இல்லை. அதற்குப் பதில் 'பெட்ரோனெல்லா' சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமாக நிற்கும் நால்வரும் 4 எண்ணிக்கைக்கு நின்ற இடத்தில் அசைந்து, அடுத்த 4 எண்ணிக்கையில் வலப்புறமாகவே சுழன்றபடி, தமக்கு வலப்பக்கம் நின்றவரின் இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். காண்ட்ராவில் முதல் அசைவுக்குக் கைகோத்துக்கொள்வார்கள். உங்களுக்குக் கையில் கோல் இருப்பதால் அங்கே பக்கத்தில் நிற்பவருடன் கோலடித்துக்கொள்ளலாம். சுழற்சியில் பிந்தியவர்கூடக் காலியாக இருக்கும் ஒரே இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும் என்பதே இதன் பெருங்குணம்.

ஆட்டத்தை இப்படி அமைக்கலாம். வரிசைகள் முன்வந்து பின்செல்ல 8; எதிரில் நிற்பவரைச் சுற்றி வந்து தன் இடம் சேர 8; நால்வர் வட்டம் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 8; பிறகு இரண்டு சுழற்சிகளுக்கு 16. இப்போது மேல் ஜோடி கீழேயும் கீழ் ஜோடி மேலேயும் வந்திருக்கும், ஆனால் வரிசை மாறி நிற்பார்கள். எதிரெதிரே வலக்கோலைத் தட்டிக் குறுக்கே கடந்தால், 8 எண்ணிக்கையில் அதுவும் நேராகிவிடும். எஞ்சிய 8-ஐ நிரப்ப ஆசைப்படாதீர்கள்: நின்று கோலடித்துப் புதிய ஜோடியின் பக்கம் திரும்பட்டும். பின்தங்கியவர் மூச்சு வாங்கிச் சேர்ந்துகொள்வது அங்கேதான்.

உங்கள் 12 ஜோடிகள் முதல் சுற்றில் 6 குழுக்களாவார்கள். இரண்டாம் சுற்றில் இரு முனைகளிலும் ஒரு ஜோடி சும்மா நிற்கும்; அடுத்த சுற்றில் தாமே ஆட்டத்துக்குள் வருவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பதறிப்போவார்கள்.

பெண்களை நிறுத்துமுன் மணலில் இரு கோடு கிழித்து, வெவ்வேறு நிறத்தில் நான்கு சோழிகளை வைத்து, எண்ணிக்கொண்டே நீங்களே நகர்த்திப் பாருங்கள். ஒத்திகையை உதிர்மணலில் வைக்க வேண்டாம். சுழலும்போது கால் புதைந்து தாளம் பிந்தும். அலை நனைத்து இறுகிய மணலோ, மெழுகிய முற்றமோ போதும்.